ரெஃப்யூஜியம்: புகலிடமா, பாசிப்பாத்தியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பவளத்தொட்டிச் சொற்பட்டியலில் ரெஃப்யூஜியம் (refugium: பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியோடு இணைந்த, பாசி வளர்க்கும் தனி அறை) என்பதற்குப் 'புகலிடம்', 'அடைக்கலத் தொட்டி', 'பாசி வடிகட்டி' ஆகிய மூன்றும் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணத்துக்கு வருமுன் அந்த அறை என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவோம்; நம் விவாதம் இதுவரை அகராதியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அறுபது லிட்டர் கொள்ளும் ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மீனுக்கு இடும் தீனியில் உள்ள நைட்ரசனும் பாஸ்பரசும், மீனின் கழிவு வழியாகவும் எஞ்சிய தீனியின் அழுகல் வழியாகவும், நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்கிவிடுகின்றன. அந்த ஊட்டத்தை உண்டு பாறைமேல் பச்சை மயிர்ப்பாசி படர்கிறது. பவளத்தின் விளிம்பில் ஏறி, வெளிச்சத்தை மறைத்து, மெல்ல அதன் சதையைப் பின்வாங்கச் செய்கிறது. டர்போ நத்தைகளை விடலாம், அவை நன்றாகவே மேயும். ஆனால் தின்றதில் பெரும்பகுதி எச்சமாக அதே நீருக்குத்தான் திரும்புகிறது. எனவே பாறைப்பாசிக்குப் போகும் உணவை, நம் கைக்கு எட்டும் ஓர் அறையில் வளரும் வேறொரு பாசிக்குக் கொடுத்துவிடுவதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

அந்த வேறொரு பாசி பெரும்பாலும் கீட்டோமார்ஃபா. சிக்கல் விழுந்த தங்கூசிச் (நைலான் தூண்டில் இழை) சுருளைப் போல இருக்கும் இது எதையும் பற்றிக்கொள்ளாமல் நீரோட்டத்தில் புரண்டுகொண்டே வளரும். தொட்டி விளக்கு அணைந்தபின் இந்த அறையின் விளக்கை எரியவிடுவது வழக்கம். இரவில் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்து நீரின் காரத்தன்மைக் குறியீடு (pH) இறங்கும் நேரத்தில், இங்கே ஒளிச்சேர்க்கை நடந்து அந்த இறக்கத்தைக் குறைக்கும். இதில் தவறவிடக் கூடாத வேலை ஒன்று உண்டு. பாசிப்பந்தின் ஒரு பகுதியை அவ்வப்போது பிய்த்து வெளியே எடுக்க வேண்டும், ஊட்டம் அதனோடுதான் தொட்டியைவிட்டு நீங்குகிறது. எடுக்காமல் விட்டால் உட்புறம் வெளிச்சமின்றி வெளிறிக் கரைந்து, உண்டதை நீரிலேயே கக்கிவிடும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'புகலிடம்' என்பது மூலச்சொல்லின் நேர்ப்பொருள்தான்; மீன் வாயிலிருந்து தப்பித் துடுப்புக்காலிகள் (copepods) போன்ற சிற்றுயிர்கள் பெருகும் இடம் என்ற கருத்தில் அப்பெயர் எழுந்தது. ஆனால் சிறு தொட்டியில் பெரும்பாலோர் அந்த நோக்கத்துக்காக இதை வைப்பதில்லை, துடுப்புக்காலிகள் பெருகினால் அது கூடுதல் ஆதாயம். தவிர, பனியூழிக் காலத்தில் உயிரினங்கள் எஞ்சியிருந்த நிலப்பகுதிகளைக் குறிக்கச் சூழலியலாருக்கும் இதே சொல் வேண்டியிருக்கிறது. 'அடைக்கலத் தொட்டி' என்றால் நோயுற்ற மீனைத் தனியே விடும் தொட்டி என்றே புதியவர் எண்ணுவார்.

'பாசி வடிகட்டி' பாசியை வடிகட்டுவதா, பாசியால் வடிகட்டுவதா என்று குழப்புவதை நண்பர் ஒருவர் முன்பே சுட்டிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. வடிகட்டி என்றால் எவ்வளவு வடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வரும். பவளத்தொட்டியில் அது ஆபத்து. நைட்ரேட்டை லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 10 மில்லிகிராம் அளவிலும், பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 மில்லிகிராம் அளவிலும் வைத்திருக்கவே வளர்ப்போர் முயல்கின்றனர். இரண்டையும் சுழியாக்கிவிட்டால் பவளம் வெளிறுவதோடு, குமிழ் கோத்த பழுப்புச் சளியாய்ப் படியும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிரிகள் பல தொட்டிகளில் தலைதூக்குகின்றன. மயிர்ப்பாசியே தேவலை என்று சொல்ல வைத்துவிடும் தொல்லை அது.

என் முன்மொழிவு 'பாசிப்பாத்தி'. வரப்பிட்டுப் பிரித்த இடம், நீர் பாயும் இடம், வளர்த்து அறுக்கும் இடம் என மூன்று கருத்தும் பாத்தியில் அடங்கிவிடுகின்றன. பாத்தி கீரைக்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடி உப்பளத்திலும் பாத்திதான், ஆகவே உப்புநீரும் இச்சொல்லுக்கு அயலன்று. 'பாத்தி விளக்கு', 'பாத்தியைக் கழித்துவிடுதல்' எனக் கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. 'பாசியறை' என்பதையும் எண்ணிப்பார்த்தேன். வேகமாகச் சொன்னால் பாசறை ஆகிவிடுகிறது, நமக்குப் போர் வேண்டாம்.

இதோடு 'களைப்பாசி', 'வளர்ப்புப்பாசி' என்ற இணையையும் சேர்க்கக் கோருகிறேன். பயிரும் களையும் இனத்தால் அல்ல, இடத்தால் வேறுபடுகின்றன. காலர்பா டாக்சிஃபோலியா காட்சித் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்பட்ட பாசி. 1984இல் மொனாக்கோ கரையோரம் மத்தியதரைக் கடலில் காணப்பட்டு, பின்னர் பெரும்பரப்பில் படர்ந்தது. நம் கரையிலேயே, மண்டபம் பகுதியில் கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்காகப் பயிரிடப்படும் கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்களை மூடிப் படர்ந்தது 2008இல் பதிவாயிற்று. கழித்த பாசியைச் சாக்கடையிலோ கடலிலோ விடாமல் வெயிலில் காயவைத்துவிட வேண்டும் என்ற குறிப்பைப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

ஊட்டத்தைத் தொட்டியைவிட்டு வெளியேற்றுவதற்கு முன்மொழியப்பட்ட 'ஊட்ட ஏற்றுமதி' என்பதைக் கைவிடலாம். அதைக் கேட்டால் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. 'ஊட்டநீக்கம்' போதும்.

துடுப்புக்காலிகளைப் பெருக்குவதையே முதன்மை நோக்காகக் கொண்ட பெரிய தொட்டிகளுக்குப் 'புகலறை' என்று தனிச்சொல் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்ட்டர் ஏடி உருவாக்கிய, மெல்லிய பரப்பில் புற்பாசியை வளர்த்துச் சுரண்டியெடுக்கும் கருவிக்குப் பாத்தி பொருந்தாது. அதற்குப் 'பாசித்திரை' பொருந்துமா என அன்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன். பட்டியலுக்கான வரையறை வரைவு இது:

பாசிப்பாத்தி: பவளத்தொட்டியின் நீர்ச்சுற்றில் இணைந்த, தனி விளக்குடைய, ஊட்டநீக்கத்தின் பொருட்டு வளர்ப்புப்பாசியை வளர்த்துக் கழிக்கும் அறை.