முதல் ஆய்வுக் கப்பல் பயணம்: ஜூலையில் வங்கக் கடல், 28 நாள். தாங்குமா?

பொருநைக்கரை:
வணக்கம். கடலியல் முதுநிலை முடித்து, ஒரு திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் என் பெயரும் இருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் அளக்கும் வேலை, இரவு 12 முதல் 4 வரை வாட்ச். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகிலேயே எனக்குத் தலை சுற்றியது. அம்மா வேண்டாம் என்கிறார். வாந்தியோடு வேலை பார்க்க முடியுமா? பெண்களுக்கு வசதி எப்படி? அலை அடிக்கிற ஜூலையில்தான் போக வேண்டுமா?

பின்னிரவு வாட்ச்:
தங்கச்சி, நான் ஏழு முறை போய் வந்தவள். அதில் நான்கு மழைக்காலத்தில்.

முதல் மூன்று நாள் வாந்தி வரும், வரட்டும். டாக்டரிடம் கேட்டு அவோமின் வாங்கி வைத்துக்கொள். கப்பல் துறைமுகத்தைத் தாண்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறு ஆகாது. பொரி, ரஸ்க், நார்த்தங்காய் ஊறுகாய் கையோடு இருக்கட்டும். கேபினில் படுத்து போனைப் பார்த்தால் இன்னும் மோசமாகும், டெக்கில் நின்று அடிவானத்தைப் பார். நாலாம் நாள் காலை நீயே மெஸ்ஸுக்குப் போய் இட்லி கேட்பாய். நான் போன கப்பல்களில் பெண்களுக்கு இருவர் கேபின், குளியலறை உள்ளேயே. கரை மறைந்தால் போன் எடுக்காது, சாட்டிலைட் வழியாக மெயில்தான். ஒரு வாரம் பதில் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வை.

இனி உன் வேலை. உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியும், அதைச் சுற்றி நிற்கும், வேண்டிய ஆழத்தில் நீர் பிடிக்கும் நிஸ்கின் குப்பிகளும் நொடிக்கு ஒரு மீட்டர் கணக்கில் இறங்கும். 3000 மீட்டர் போய், நின்று நின்று குப்பிகளை மூடிக்கொண்டு மேலே வர மூன்று மணி நேரம் பிடிக்கும். டெக்குக்கு வந்ததும் அவற்றிலிருந்து நீர் எடுக்க முதல் ஆளாக நீதான் போக வேண்டும், உனக்குப் பிறகுதான் மற்றவர்கள். காற்றுப் பட்டால் ஆக்சிஜன் கணக்கு கெட்டுவிடும். டியூப்பை உன் கண்ணாடிக் குப்பியின் அடி வரை விட்டு, நீர் வழிய வழிய நிரப்பு. ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. என் முதல் பயணத்தில் கப்பல் உருண்ட நேரம் 150 மீட்டர் ஆழத்து நீரை எடுத்த குப்பிக்குள் மிளகளவு குமிழி புகுந்ததை நான் கவனிக்கவில்லை. விடியற்காலை டைட்ரேஷனில், அதாவது ரசாயனம் சொட்டுச் சொட்டாக விட்டு ஆக்சிஜனை அளக்கும்போது, எண் தாறுமாறாக வந்தது. அதற்குள் கப்பல் அடுத்த ஸ்டேஷனில், நீர் எடுக்கும் அடுத்த இடத்தில், நின்றது. அந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போகப் போவதில்லை. இன்றைக்கும் அந்தத் தாளில் அந்த எண்ணின் மேல் என் கையால் போட்ட அடித்தல் இருக்கிறது.

ஆனால் ஒன்று காத்திருக்கிறது உனக்கு. மாங்கனீஸ் குளோரைடும் கார அயோடைடும் விட்டுக் குலுக்கினால் குப்பியில் வண்டல் படியும். மேல்நீரில் டீத்தூள் பழுப்பு. 200 மீட்டர் குப்பியில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை, ஏனென்றால் அந்த நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. 2500 மீட்டருக்குப் போனால் மறுபடி பழுப்பு! தென்துருவப் பக்கம் குளிர்ந்து மூழ்கிய நீர், நூற்றாண்டுக் கணக்கில் அடியோடு ஊர்ந்து வந்து சேர்த்த ஆக்சிஜன் அது. அந்தக் குப்பியைத் திறக்கும்போது விரல் சில்லிடும். வெளியே வெக்கை, உப்புப் பிசுபிசுப்பு, மணி மூன்று. வங்கக் கடல் எப்படி மூச்சு விடுகிறது என்று ஒரு மரத்தட்டில் வரிசையாக உன் கண்முன் நிற்கும். அதற்காகவே போ.

டெக் ஆளு:
எம்மா, நான் தூத்துக்குடிக்காரன், ஆய்வுக் கப்பல்ல விஞ்ச் பாக்குறேன், கருவியை இறக்கி ஏத்துற ஒயரைச் சுத்துற மெஷின். அக்கா சொல்லாத ஒண்ணு சொல்றேன். இழுவையில இருக்குற ஒயரைத் தாண்டாத, அதோட நேருக்கு நேரா நிக்காத. அறுந்துச்சுன்னா சாட்டை மாதிரி திரும்பும். கருவியைத் தூக்கிக் கடல்ல விடுற ஏ-ஃபிரேம் சட்டத்துக்குக் கீழ உனக்கு வேலையே இல்ல. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், முன்பக்கம் மூடுன ஷூ இல்லாம டெக்குக்கு வராத. காத்து கூடிப்போச்சு, இறக்க முடியாதுன்னு டெக் ஆளுங்களுக்குத் தலைவரான போசன் சொன்னா வாதாடாதீங்க. படிச்ச புள்ளைங்க சில பேரு ஒரு ஸ்டேஷன் போகுதேன்னு கண் கலங்கி நிப்பாங்க, பாக்கப் பாவமாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கருவியை ஆடுற கப்பல்ல கையால பிடிச்சு உள்ள இழுக்குறது எங்க ஆளுங்க.

வாடைக்காற்று:
ஜூலை ஏன் என்ற கேள்விக்கு: தென்மேற்குப் பருவமழைக்காலத்தில் கடலும் காற்றும் எதைக் கொடுத்து எதை வாங்குகின்றன என்பதை மழைக்காலத்தில் போய்த்தான் அளக்க முடியும். சாட்டிலைட்டுக்குத் தெரிவது கடலின் மேல்தோல் மட்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய படலமாக மிதந்து, கீழ்நீரோடு கலக்காமல் தடுக்கிறது. அதன் ஆழத்தைக் கருவி இறக்கித்தான் பார்க்க வேண்டும். 2016-இல் இந்திய, பிரிட்டன் ஆய்வாளர்கள் பருவமழையில் வங்கக் கடலின் பங்கை ஆராயும் ‘பாபிள்’ திட்டத்துக்காக ‘சிந்து சாதனா’ ஆய்வுக் கப்பலில் தென் வங்கக் கடலுக்குப் போனதும் ஜூன், ஜூலையில்தான்.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, வெள்ளைக் குப்பியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். “அப்போ அந்தத் தண்ணில மீனு எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கப்பலுக்கு இரண்டு செட் படுக்கை விரிப்பு வேண்டுமா என்றும் கேட்டார்!

பின்னிரவு வாட்ச்:
விரிப்பு கப்பலில் தருவார்கள், ஒரு கம்பளி ஸ்வெட்டர் கொண்டு வா. லேபில் ஏசி எலும்பு வரை குளிரும். மீனுக்குப் பதில்: பெரும்பாலானவை ஆக்சிஜன் இல்லாத அந்த அடுக்குக்கு மேலேயே இருந்துவிடும். விரலளவு மீன்களும் கூனிப்பொடிகளும் பகலில் இருட்டைத் தேடிக் கீழே போய், சாயங்காலம் இரை தேடி மேலே வரும். பொழுது சாயும் நேரம் ஒலி அனுப்பி எதிரொலியைப் படமாக்கும் எக்கோ சவுண்டர் திரைக்கு முன்னால் போய் உட்கார். கீழேயிருந்து ஒரு பட்டை மெல்ல ஏறி வரும், அந்தக் கூட்டம்தான் அது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு.