வைரஸ் எச்சரிக்கை மடல் வந்தது, சொன்னபடி செய்தேன், இப்போது தமிழ் தட்ட முடியவில்லை (தீர்ந்தது)

கணக்குப்புலி:
வணக்கம். அவசரம், கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பெரியப்பாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அவருக்கு யாரோ அனுப்பியது, அந்த யாரோவுக்கு வேறு யாரோ அனுப்பியது. அதில் இருந்தது இது:

"மிக மிக அவசரம்!!! சிடிஎஃப்மோன் என்ற கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறதா என்று உடனே தேடுங்கள். இருந்தால் வைரஸ் புகுந்துவிட்டது. 14 நாள் தூங்கிவிட்டு ஹார்ட் டிஸ்க்கையே அழித்துவிடும். எந்த ஆன்டிவைரஸும் இதைப் பிடிக்காது. நேற்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. அழிக்க விடாமல் தடுத்தால் வைரஸ் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்."

தேடினேன். இருந்தது! அழிக்கப் போனால் 'டிரஸ்டட் இன்ஸ்டாலரின் அனுமதி வேண்டும்' என்று தடுக்கிறது. மடலில் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் போய் அதை நிறுத்தினேன். அதற்கப்புறம் ஸ்டார்ட் மெனு தேடல் பெட்டியில் ஓர் எழுத்துகூட விழவில்லை. தமிழ் விசைப்பலகைக்கும் மாற மாட்டேன் என்கிறது. வைரஸ் வேலையைத் தொடங்கிவிட்டதா? இதற்குள் அலுவலகத்தில் 41 பேருக்கு மடலை அனுப்பியும் விட்டேன்.

ராப்பறவை:
முதலில் கையை எடுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். அது வைரஸ் இல்லை, விண்டோஸின் சொந்தக் கோப்பு. விசைப்பலகை மொழி மாற்றம், எழுத்து உள்ளீடு இதையெல்லாம் கவனிப்பதே அதன் வேலை. அதை நிறுத்தினீர்கள், எழுத்து விழவில்லை. அவ்வளவுதான்.

விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் அந்தக் கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அல்லது கணினியை ஒரு தடவை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கணக்குப்புலி:
மறுதொடக்கம் செய்தேன். தமிழ் வந்துவிட்டது! ஆனாலும் சந்தேகம் போகவில்லை. வைரஸ் இல்லையென்றால் ஏன் அழிக்க விடாமல் தடுத்தது?

ராப்பறவை:
மடலை எழுதியவன் கெட்டிக்காரன், அதில்தான் உங்களைப் பிடித்தான். சிஸ்டம் கோப்புகளை யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று விண்டோஸே பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டையே வைரஸுக்குச் சாட்சியாகக் காட்டிவிட்டான். 'ஆன்டிவைரஸ் பிடிக்காது' என்பதும் அதே வித்தைதான். வைரஸே இல்லாததை எந்த ஆன்டிவைரஸ் பிடிக்கும்? 'தேடுங்கள், இருக்கும்' என்றான், இருந்தது. எல்லா விண்டோஸிலும் இருக்கும் கோப்பு, பிறகு இல்லாமலா போகும்?

மனசு ஆறவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் வலது கிளிக் செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருந்தால் பயமில்லை. அதே பெயரில் டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ உட்கார்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். விண்டோஸ் டிஃபெண்டரில் ஒரு முழு ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள்.

டாஸ் காலத்து ஆள்:
வெட்கப்படாதீர்கள் அம்மா, நானும் இதில் விழுந்தவன். 2002-இல் 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்று ஒரு கோப்பு. அதன் ஐகான் ஒரு குட்டிக் கரடி பொம்மை. அந்தக் கரடியைப் பார்த்ததும் இது கண்டிப்பாக எவனோ விஷமி செய்தது என்று நம்பிவிட்டேன். சிஸ்டம் கோப்புக்கு யாராவது கரடி படம் வைப்பார்களா? மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது! ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்கான கோப்பு அது. நான் ஜாவா பக்கமே போகாதவன் என்பதால் அழித்தும் ஒன்றும் ஆகவில்லை. அதிலும் இதே 14 நாள் கதைதான். பழைய மடலில் கோப்புப் பெயரை மட்டும் மாற்றி மறுபடி விட்டிருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய வருடம் 'சல்ஃப்என்பிகே'. விண்டோஸ் 98-இல் நீளமான கோப்புப் பெயர்களை மீட்டுத் தரும் சாதாரணக் கருவி. அதிலே ஒரு வேடிக்கை: அப்போது சுற்றிய மேஜிஸ்டர் என்ற நிஜ வைரஸ், சில கணினிகளில் அந்தக் கோப்பையே தொற்றி, மடலோடு இணைத்து வெளியே அனுப்பியும் இருக்கிறது. ஆகவே மடலில் இணைப்பாக வந்தால் திறக்கக் கூடாது, கணினியில் ஏற்கெனவே இருப்பதை அழிக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

அரைகுறை:
எனக்குத் தெரிந்து மடலைப் படிப்பதால் மட்டும் வைரஸ் வரவே வராது. 1994-இல் 'குட் டைம்ஸ்' என்ற தலைப்போடு வரும் மடலைப் படித்தாலே கணினி காலி என்று கிளப்பிவிட்டார்கள், சுத்தப் பொய். இணைப்பைத் திறக்காமல் இருந்தால் போதும்.

டாஸ் காலத்து ஆள்:
குட் டைம்ஸ் பொய்தான். 'வரவே வராது' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. 1999-இல் பபுள்பாய் என்று ஒரு வார்ம், அதாவது தானாகவே பரவும் கெட்ட நிரல், வந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் நிரலில் மடலை முன்னோட்டத்தில் பார்த்தாலே ஓடியது, இணைப்பே இல்லை. அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஓட்டைகள் புதிதாக வந்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் அப்டேட் போடச் சொல்கிறோம்.

கரிச்சான்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மடல் 'எல்லோருக்கும் அனுப்பு' என்று மட்டும் சொன்னதால் சேதம் குறைவு. 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்', 'இங்கே கிளிக் செய்து சரிபாருங்கள்' என்று வந்தால் அது பணத்துக்கோ பாஸ்வேர்டுக்கோ வைத்த வலை. பேசினால் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பார்கள். கொடுத்தால் போச்சு.

'நேற்று அறிவித்தது' என்ற வரியையும் பாருங்கள். எந்த நேற்று? தேதியே இல்லை. பத்து வருடம் கழித்துப் படித்தாலும் நேற்றுதான். அந்தக் கோப்புப் பெயரோடு 'புரளி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக் கூகுளில் தேடியிருந்தால், இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கணக்குப்புலி:
சரி, அந்த 41 பேர்? பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்வார்.

ராப்பறவை:
41 பேருக்கும் இப்போதே மறுப்பு அனுப்புங்கள். முகவரிகளை பிசிசி-யில் (ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாத இடம்) போடுங்கள், இல்லையென்றால் ஆளாளுக்கு 'ரிப்ளை ஆல்' அடித்து அலுவலகத்தையே மூழ்கடித்துவிடுவார்கள். பழைய மடலைக் கீழே ஒட்டாதீர்கள், அதை மட்டும் படித்துவிட்டு அழிக்கப் போகிறவர் ஒருவராவது இருப்பார். இவ்வளவு போதும்:

"காலையில் நான் அனுப்பிய வைரஸ் எச்சரிக்கை பொய். அது விண்டோஸ் கோப்பு, அழிக்க வேண்டாம். அழித்துவிட்டவர்கள் என்னிடம் சொல்லுங்கள். தவறு என்னுடையது."

உங்கள் ஐடி பிரிவுக்கும் ஒரு பிரதி போடுங்கள். பெரியப்பாவுக்கு மடல் வேண்டாம், போனில் பேசுங்கள். 'நீங்கள் அனுப்பியது பொய்' என்று ஆரம்பிக்காமல், 'நானும் நம்பி அழிக்கப் போனேன் பெரியப்பா' என்று ஆரம்பியுங்கள்.

கணக்குப்புலி:
பேசிவிட்டேன், கோபமே இல்லை. ஆனால் போனை வைத்த அரை மணியில் 'மிக மிக அவசரம்!!! அந்த வைரஸ் பொய், எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று அவரிடமிருந்து மடல் வந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல். அலுவலகத்தில் ஒருவர் கோப்பின் உரிமையை மாற்றி நிஜமாகவே அழித்துவிட்டார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டாராம்.

ராப்பறவை:
மீட்டுவிடலாம். அவருக்குத் தேடல் பெட்டி வேலை செய்யாது, அதனால் விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி டெர்மினல் அட்மினை, அதாவது கட்டளைகளைத் தட்டும் சன்னலை, திறக்கச் சொல்லுங்கள். பழைய விண்டோஸ் என்றால் பவர்ஷெல் அட்மின் என்று இருக்கும். அதில் ஆங்கிலத்தில் எஸ்எஃப்சி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல ஸ்கேன்நவ். விடுபட்ட சிஸ்டம் கோப்புகளை விண்டோஸ் தானே திரும்ப வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் எடுக்கும், நடுவில் மூடிவிட வேண்டாம்.

கணக்குப்புலி:
ஓட்டினோம். 61 சதவீதத்தில் வெகுநேரம் நின்றது, உயிரே போய்விட்டது. அப்புறம் சிதைந்த கோப்புகளைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. மறுதொடக்கம் செய்ததும் தேடல் பெட்டியில் எழுத்து விழுகிறது. தலைப்பில் 'தீர்ந்தது' என்று போட்டுவிட்டேன்.