லாரி சேஸ்ல (அடிச்சட்டத்துல) வெல்டிங் வைக்கணும், ஈசிஎம் (இஞ்சின் கம்ப்யூட்டர்) போயிடுமா?

பெகு_உளுந்து:
வணக்கம் அண்ணன்மாரே. நமக்கு பர்மால, பெகுல உளுந்து பாசிப்பயறு ஏத்தி ரங்கூன் கொண்டு போற வேலை. வண்டி ஜப்பான்ல ஓடி முடிச்சு வந்த கேன்டர் லாரி, 2 டன், ரெண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட்டு. இந்த மழைல ஸ்டெப்னி தொங்குற பிராக்கெட்ட துரு தின்னுடுச்சு, இப்ப கயித்துல கட்டி ஓட்டிக்கிட்டிருக்கேன் (சிரிக்காதீங்க). வெல்டர் மாமா "மைனஸ் கழட்டுனா போதும்டா, அஞ்சு நிமிஷ வேலை"ங்குறாரு. ஆனா போன வருசம் எங்க சித்தப்பா பையன் கார்ல சைலன்சருக்கு ரெண்டு பொட்டு வச்சாங்க, சாவி ஆஃப்ல தான் இருந்துச்சு, அதுக்கப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகல, கம்ப்யூட்டர் போச்சு, பழைய பெட்டி தேடி மாட்ட மூணு வாரம். அதான் பயமா இருக்கு. நெசமா என்னென்ன கழட்டணும்?

ஸ்பேனர்பத்து:
தம்பி, சாவி ஆஃப்ங்குறது ஒண்ணுமே இல்ல. டைனமோவுல இருந்து வர்ற தடி வயர் எப்பவும் பேட்டரிலயே தான் இருக்கும், ஈசிஎம்முக்கும் ஒரு லைன் நேரா வரும், எர்த்து எல்லாருக்கும் அந்த பாடி தான். வெல்டிங் மெசின் சும்மா இருக்கும்போதே ராடு முனைல 60, 70 வோல்ட்டு நிக்கும், உன் வண்டி 24 வோல்ட்டுக்கு செஞ்சது. டைனமோக்குள்ள இருக்குற டயோடு போயிடலாம்.

மாமா சொல்ற மைனஸ் கழட்டுறது சரி தான், ஆனா அது பாதி வேலை. மீதி பாதி எர்த் கிளாம்ப்ப எங்க மாட்டுறாருன்னு பாரு. நிறைய பேரு முன்னாடி பம்பர்ல மாட்டிட்டு பின்னாடி போய் வைப்பாங்க. 3.2 ராடுக்கு 100 ஆம்பியருக்கு மேல போகுது, அது கிளாம்ப்புக்கு திரும்பி வரணும்ல, நடுவுல பெயிண்ட்டு, துரு, ரப்பர் புஷ்ஷுன்னு தடுத்தா கெடைச்ச வழில எல்லாம் பிரிஞ்சு ஓடும்: இஞ்சின் எர்த் வயரு, கியர்பாக்ஸு, ஹப் பேரிங்கு. பேரிங்குல குண்டு பொறிஞ்சு குழி விழுந்துடும், ரெண்டு மாசம் கழிச்சு ஊ...ன்னு சத்தம் வரும், அப்ப எவனும் வெல்டிங்க நெனைக்க மாட்டான். அதனால வைக்கிற இடத்துலேந்து ஒரு சாண் தள்ளி கிரைண்டர் போட்டு வெள்ளை இரும்பு தெரிய தேய்ச்சு அங்கேயே மாட்டச் சொல்லு, வைக்கிற துண்டுலயே மாட்டுனா இன்னும் நல்லது.

மோல்மேன்_மச்சான்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு, ரெண்டு பேட்டரியையும் கீழ எறக்கி வைங்க. கேன்டர்ல பெட்டி சேஸ் பக்கத்துலயே இருக்கு, சார்ஜ் ஏறுன பேட்டரி ஹைட்ரஜன் விடும், பொறி பட்டா வெடிக்கும். கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. ஏன்னா ப்ளஸ் நட்ட திருப்புறப்ப ஸ்பேனர் பாடில இடிச்சாலும் அப்ப ஒண்ணும் ஆகாது.

லைன்கார்_காரன்:
நான் இருபது வருசமா எதையும் கழட்டாம வச்சிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. சும்மா பயமுறுத்தாதீங்கப்பா.

ஸ்பேனர்பத்து:
அண்ணே, உங்க பழைய ஹைலக்ஸ் பிக்கப்ல டீசல் பம்ப்பு மெக்கானிக்கலு, கம்ப்யூட்டரே கெடையாது, போறதுக்கு என்ன இருக்கு? தம்பி வண்டி காமன்ரயிலா (கம்ப்யூட்டர் சொல்லி டீசல் அடிக்குற இஞ்சின்) இருந்தா ஈசிஎம் கப்ளரையும் (வயர் சொருகுற பிளக்கு) உருவி வைக்கிறது தான் நல்லது, ஏபிஎஸ் (பிரேக் கம்ப்யூட்டர்) பெட்டி இருந்தா அதையும். உருவுறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டிடணும், லைன் இருக்கும்போது கப்ளர தொடக்கூடாது. மேனுவல் ஜப்பான் பாஷைல தான் இருக்கும், போன்ல போட்டோ புடிச்சு மொழிபெயர்ப்புல போடு. திடீர்னு ஏறுற வோல்ட்ட தடுக்க பேட்டரில மாட்டுற சர்ஜ் தடுப்பான்னு ஒண்ணு விக்குது, இருந்தா மாட்டு, ஆனா அத நம்பி மத்தத விட்டுடாத.

ப்ரோபாக்ஸ்_ராணி:
கார் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக் இருந்தா பேட்டரி கழட்டுன கையோட வேலைய ஆரம்பிக்காதீங்க, டொயோட்டாவுல 90 செகண்டு கழிச்சு தான் தொடணும்பாங்க, உள்ள கொஞ்சம் கரண்டு தேங்கி இருக்கும். நாங்க ஒரு டீ குடிச்சுட்டு வந்து தான் ஆரம்பிப்போம்.

பெகு_உளுந்து:
முடிஞ்சுது அண்ணே! ரெண்டு பேட்டரியும் எறக்கியாச்சு, கப்ளர் உருவியாச்சு. சேஸ் உள்பக்கமா போற வயர் கட்டு, பிரேக் பைப்பு மேல எல்லாம் கோணிச்சாக்க நனைச்சு போர்த்துனேன், நம்ம தொழில்ல சாக்குக்கா பஞ்சம். டீசல் டாங்க் பக்கம் ஒரு தகரம். மாமா பழக்க தோசத்துல கிளாம்ப்ப தூக்கிக்கிட்டு பம்பருக்கு தான் போனாரு, குறுக்க நின்னு மறிச்சேன், முணுமுணுத்துக்கிட்டே பக்கத்துல மாட்டுனாரு. நடுவுல கரண்டு போயி ஜெனரேட்டர் போட்டு முடிச்சோம். எல்லாம் மாட்டி சாவி போட்டா செக் லைட்டு அணையல, உயிரே போச்சு, பாத்தா ஒரு கப்ளர் பாதி தான் நொழைஞ்சிருந்துச்சு. அழுத்துனதும் லைட்டு போயிடுச்சு, ஒரே செல்ஃப்ல புடிச்சுது. ரேடியோ கடிகாரம் மட்டும் மறந்துபோச்சு.

மோல்மேன்_மச்சான்:
சந்தோசம். வெல்டு வச்ச எடத்துலயும் கிரைண்டர் போட்ட எடத்துலயும் ரெட் ஆக்ஸைடு (துரு புடிக்காத பெயிண்ட்டு) அடிச்சீங்களா? இல்லன்னா அடுத்த மழைக்கு மறுபடியும் கயிறு தான்.

பெகு_உளுந்து:
அய்யோ, கிளாம்ப் மாட்டுன எடத்த மறந்தே போனேன். நாளைக்கே அடிச்சிடுறேன்.