காரணிப்படுத்துதல்: மனசை விட்டுப் போகாத ஒரு கணக்கு

மதுரை டியூஷன் அக்கா:
ஒன்பதாம் வகுப்புப் பையன். 6x²+17x+5-ஐக் காரணிப்படுத்த வேண்டும், அதாவது இரண்டு கோவைகளின் பெருக்கலாக எழுத வேண்டும். நடு உறுப்பை 15x, 2x என்று நொடியில் பிரித்துவிட்டான். 3x(2x+5) வரை வந்தான். அடுத்து மிச்சம் 2x+5. "இதுல பொதுவா எடுக்க ஒண்ணும் இல்லையேக்கா" என்று பேனாவை மூடிவிட்டான். 1-ஐ வெளியே எடு என்றேன். "அது எப்பவும் இருக்கிறதுதானே, எதுக்கு எழுதணும்?" நியாயமான கேள்வி! (2x+5) 3x தடவை இருக்கிறது, கூடவே இன்னொரு தடவை, ஆக மொத்தம் எத்தனை என்று கேட்டேன். வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு (3x+1)(2x+5) என்று எழுதினான். பிள்ளைகளுக்கு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுப்பதே இல்லையே என்று இன்னும் ஆதங்கமாக இருக்கிறது.

ஓசூர் அப்பா:
என் மகளின் பரீட்சையில் 2x²+7x+4 வந்தது. நடுவில் உள்ள 7-ஐப் பிரிக்க, பெருக்கினால் 8 (2×4), கூட்டினால் 7 வர வேண்டும். 8, 1 என்றால் 9. 4, 2 என்றால் 6. 'முழுஎண் காரணிகள் இல்லை' என்று எழுதி வைத்தாள். அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு, பூஜ்யம். கடைசி எண் 3 என்று இருந்திருக்க வேண்டுமாம். அப்படியே எடுத்துக்கொண்டு (x+3)(2x+1) எழுதிய பிள்ளைகளுக்கு முழு மார்க்.

கணக்குப்பிரியன்:
எனக்கும் பள்ளியில் ஜோடி தேடியே நேரம் போனது. அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிப்பதற்கு முன்னால் b²−4ac (ax²+bx+c-இல் உள்ள a, b, c) பார்க்கப் பழக்குங்கள். 49−32=17, முழு வர்க்கம் இல்லை, தேடவே வேண்டாம். 3 என்றால் 49−24=25, காரணி உண்டு. அக்காவின் கணக்கில் 289−120=169, அதாவது 13². அப்புறம், 2019-இல் கார்னெகி மெல்லன் பேராசிரியர் போ-ஷென் லோ பரப்பிய வழியையும் பாருங்கள். x²−14x+45 என்றால் 14-இல் பாதி 7. 49−45=4, அதன் மூலம் 2. 7+2, 7−2. ஆக (x−9)(x−5). ஊகிக்கவே வேண்டியதில்லை. x²-க்கு முன்னால் வேறு எண் இருந்தால் முதலில் அதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை டியூஷன் அக்கா:
தம்பி, நீங்கள் சொல்லும் b²−4ac, அதாவது தன்மைக்காட்டி, பத்தாவதில்தான் வருகிறது. இவன் ஒன்பதாவது. அதோடு, அவன் ஜோடி தேடித் திணறவில்லை, 1-இல்தான் நின்றான். ஓசூர் அண்ணா, விடைத்தாளோடு போய்க் கேளுங்கள். 8-க்கு உள்ள ஜோடிகளை அவள் எழுதிக் காட்டியிருந்தால், அதுவே நிரூபணம்.