மறு: ‘எரிசக்திப் பாதுகாப்பு’ – வேறு சொல் வேண்டாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘energy security’ என்பதற்கு ‘எரிசக்திப் பாதுகாப்பு’ போதுமா, வேறு தமிழ்ச் சொல் வேண்டுமா என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. சிக்கல் எங்கே முளைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மின்துறை பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது கையில் வந்து விழுந்த வாக்கியம் இது:

“பாதுகாப்புக் கருதி அணு உலைகளை நிறுத்தியதால் ஜப்பானின் எரிசக்திப் பாதுகாப்பு குலைந்தது.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் தலையைச் சொறிவார். முதல் பாதுகாப்பு, விபத்து நேராமல் காப்பது. இரண்டாவது, வேண்டிய மின்சாரமும் எரிபொருளும் கட்டுப்படியாகும் விலையில் தடையில்லாமல் கிடைப்பது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி நடந்த புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் உலைகள் ஒவ்வொன்றாக நின்று, 2012 மே மாதம் ஒன்றுகூட ஓடாத நிலை வந்தது. ஒன்றைக் கூட்டப் போய் மற்றது குறைந்தது. இப்படி எதிரெதிராக இழுக்கும் இரண்டுக்கும் ஒரே சொல்லா? ‘உணவுப் பாதுகாப்பு’ ஏற்கெனவே இதே வம்பில் மாட்டியிருக்கிறது. பேச்சு கலப்படம் பற்றியா, பட்டினி பற்றியா என்று சூழலைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

> ‘எரிசக்தித் தற்சார்பு’ என்று எழுதிவிட்டால் என்ன?

பொருளே மாறிவிடும் ஐயா. ஜப்பான் எரிபொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது, தற்சார்பு குறைவுதான். ஆனால் 2011 மார்ச் 14 அன்று நடந்ததைப் பாருங்கள். நிலநடுக்கத்தில் மின்நிலையங்கள் நின்றுபோனதால் டோக்கியோ வட்டாரத்தில் சுமார் ஒரு கோடி கிலோவாட் பற்றாக்குறை, முறைவைத்து மின்வெட்டு. மேற்கே ஒசாகா பக்கத்து மின்நிலையங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. இருந்தும் போதிய அளவு அனுப்ப முடியவில்லை. மின்னோட்டத்தின் அதிர்வெண் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ்; மாற்றாமல் ஒன்றை மற்றதோடு இணைக்க முடியாது. 1890களில் டோக்கியோ ஜெர்மன் இயந்திரத்தையும் ஒசாகா அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியதன் வினை! நடுவில் இருந்த மூன்று அதிர்வெண் மாற்று நிலையங்களும் சேர்ந்து கடத்தக்கூடியது அன்றைக்குச் சுமார் 10 லட்சம் கிலோவாட்தான். சொந்த நாட்டு மின்சாரமே ஆபத்துக்கு உதவவில்லை. இதில் தற்சார்பு எங்கே வந்தது?

> ஏமம்?

அழகான சொல். நாட்டுக்கு அணி என்று குறள் எண்ணும் ஐந்தில் அதுவும் ஒன்று. ஆனால் ‘எரிசக்தி ஏமம்’ என்று தலைப்பிட்டால் பாதிப் பேர் ஏமாற்றம் பற்றிய கட்டுரை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், ஏமத்துக்கும் காவல் என்றுதான் பொருள். சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்போம்.

> அரண்?

இதில் எனக்கும் சபலம் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும் எண்ணெய் இருப்பை ஜப்பான் வைத்திருக்கிறது, அதை அரண் எனலாம். திரவ இயற்கை எரிவாயு அப்படியில்லை. மைனஸ் 162 டிகிரிக் குளிரில் வைத்தாலும் தொட்டியிலேயே கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகும். அதனால் இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. கப்பல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2021 ஜனவரிக் குளிரில் அந்த இருப்பு இளைத்தபோது மொத்த விற்பனைச் சந்தையில் ஒரு யூனிட் மின்சாரம் 250 யென்னைத் தாண்டியது. சுவர் எழுப்பிக் காக்கிற காரியமல்ல இது, ஓட்டம் அறாமல் பார்த்துக்கொள்கிற காரியம்.

ஆகவே என் வாக்கு ‘எரிசக்தி உறுதி’க்கு. வாக்குறுதி மாதிரி ஒலிக்கிறது என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “பாதுகாப்புக் கருதி உலைகளை நிறுத்தியதால் எரிசக்தி உறுதி குலைந்தது.” தெளிந்துவிட்டது அல்லவா? மின்சாரத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் ‘மின்னுறுதி’. ‘உறுதிப்பாடு’ எதற்கு? மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. ஆற்றலா எரிசக்தியா என்ற சண்டையைத் தயவுசெய்து இங்கே தொடங்க வேண்டாம்.

சரி, அடுத்த தலைவலி, ‘load shifting’ என்பதற்கு ஒரு சொல். 2011 கோடையில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஒப்பந்தம் செய்திருந்த பெரிய நுகர்வோர் உச்சநேரப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று டோக்கியோவிலும் வடகிழக்கே உள்ள தோஹோகு வட்டாரத்திலும் ஆணை வந்தது. கார் ஆலைகள் வியாழன், வெள்ளி விடுமுறை விட்டு சனி, ஞாயிறு ஓடின. வேலை குறையவில்லை, நாள்தான் மாறியது. இதை மின்சிக்கனம் என்று எழுத மனம் வரவில்லை. ‘சுமைப் பெயர்ச்சி’ என்று எழுதினால் சனிப்பெயர்ச்சி ஞாபகம் வருகிறது. வேறு யோசனை உண்டா?