ஸ்லீப்பில் போட்டால் எவ்வளவு மிச்சம்? அளந்து பார்த்தேன்

ராத்திரி கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படுப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். ஸ்கிரீன் சேவர்தானே ஓடுகிறது, கரண்ட் அவ்வளவாக இழுக்காது என்று நம்பியிருந்தேன். போன மாதம் பிளக்கில் சொருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்று கிடைத்தது.

மானிட்டரைச் சேர்க்காமல், சும்மா இருக்கும்போதே 62 வாட் காட்டியது. ஸ்கிரீன் சேவர் வந்தும் அது இறங்கவேயில்லை. ஸ்லீப்பில் போட்டேன், 3 வாட். முழுதாக ஷட் டவுன் செய்தால் 1 வாட். அணைத்த பிறகும் பவர் சப்ளை கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தினம் 14 மணி நேரம் நான் அதைத் தொடுவதில்லை. அந்த நேரம் ஸ்லீப்பில் இருந்தாலே மாதம் ஏறக்குறைய 25 யூனிட் மிச்சம். ஸ்லீப்புக்கும் ஷட் டவுனுக்கும் வித்தியாசம் ஒரு யூனிட்கூட வரவில்லை. தினமும் எல்லாவற்றையும் மூடித் திறக்கச் சோம்பல்பட்டே இத்தனை நாள் வீணாக்கியிருக்கிறேன் என்பது உறுத்துகிறது.

—

நண்பரே, ஸ்லீப்பில் போட்டது ஸ்லீப்பிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையது நடுராத்திரியில் தானாக எழுந்து விடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது. மேஜை லேசாக அசைந்தாலே மவுஸ் எழுப்பிவிடும், நெட்வொர்க் கார்டும் எழுப்பும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் இரண்டுக்கும் அந்த அனுமதியை எடுத்தேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

—

ஸ்லீப்பில் திறந்திருக்கும் வேலையெல்லாம் ரேமில்தான் இருக்கும், கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகம் அது. அந்த 3 வாட்டில் ஒரு பங்கு ரேமை உயிரோடு வைத்திருக்கப் போகிறது. எனக்கு ஒருநாள் கரண்ட் போய், சேமிக்காமல் விட்ட இருபது பக்கமும் போயிற்று. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் ராத்திரிக்கு ஹைபர்னேட் போடுங்கள். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும், கரண்ட் போனாலும் பயமில்லை. எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும், அவ்வளவுதான். லேப்டாப்பில் பேட்டரி தாங்கும்வரை இந்தக் கவலை இல்லை.

—

இருவருக்கும் நன்றி. இன்று ராத்திரியிலிருந்து ஹைபர்னேட்தான். மீதிச் சாமான்களையும் அளந்தேன். மானிட்டர் ஸ்டாண்ட்பையில் அரை வாட்கூட இல்லை. பழைய ஸ்பீக்கர் செட்தான் பாட்டே ஓடாமல் 6 வாட் இழுக்கிறது, தூங்கும் கம்ப்யூட்டரைப் போல இரண்டு மடங்கு! அதைத் தனி சுவிட்சுக்கு மாற்றிவிட்டேன்.