செலவு நம்மிடம் குறைவு, இந்தோனேசியர்கள் ஏன் பினாங்குக்குப் போகிறார்கள்?

சென்னை_வாசி:
தனியார் மருத்துவமனை ஒன்றில் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் இருக்கிறேன். பைபாஸோ மூட்டு மாற்றோ, மலேசியாவைவிட நம்மிடம் செலவு குறைவு. டாக்டர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் இருக்கும் மெடான் நகரத்துக்காரர்கள் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. ஜகார்த்தாவில் விளம்பரம் வைக்கலாம் என்கிறார் மேலாளர். பலன் இருக்குமா?

பினாங்கு_அக்கா:
தம்பி, நான் இங்க ஒரு தனியார் மருத்துவமனையில பதிவு கவுண்டர்ல இருக்கேன். மெடான்ல விமானம் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள பினாங்கு. விசா வேணாம். நம்ம மலாய் அவங்களுக்குப் புரியும். மெடான் சீனர் பேசுற ஹொக்கியன் மொழியும் பினாங்கு ஹொக்கியனும் கிட்டத்தட்ட ஒண்ணு. வயசான ஆ-மா (பாட்டி) யாராவது வந்தா, எங்க சீனப் பொண்ணு ஊர்க்கதையே பேச ஆரம்பிச்சிடுவா. பின்னால வரிசை நிக்கும்!

ஆனா அவங்க தேடி வர்றது வேற. காலையில வெறும் வயித்தோட ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்தா, பல நேரம் சாயங்காலமே டாக்டர் முன்னால உட்கார்ந்து விவரம் கேட்டுடலாம். ஊர்ல ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்லியிருப்பாங்க, அதைத் தீர்த்துக்கத்தான் டிக்கெட் போடுறாங்க. வெறும் செக்கப்புக்கே குடும்பத்தோட வர்றவங்க உண்டு. அதுக்குச் சென்னை வரைக்கும் பறப்பாங்களா?

டாக்டர் கட்டணத்துக்கு இங்க சட்டப்படி உச்சவரம்பு இருக்கு. மருந்து, அறை வாடகைக்கு இல்ல. பில் வீங்குறது அங்கதான், அதை எந்த விளம்பரத்திலயும் போட மாட்டோம் :)

வேலூர்_லாட்ஜ்:
ஒரே நாட்டை நம்புறதுல ஆபத்து இருக்குங்க. சி.எம்.சி. பக்கத்துத் தெருக்கள்ல பெயர்ப்பலகையே வங்காள மொழியில இருக்கும், மெஸ்ல மீன்குழம்பும் வங்கதேசத்து நோயாளிங்க ருசிக்குத்தான். 2024 ஆகஸ்ட்ல டாக்காவுல ஆட்சி கவிழ்ந்துச்சு, இந்திய விசா சுருங்கிடுச்சு, எங்க ரூமெல்லாம் காலி. ஆபரேஷன் தரம் அப்படியேதான் இருந்துச்சு.

பினாங்கு_அக்கா:
இங்கயும் அந்தக் கவலை உண்டு அண்ணே. மலேசியாவுக்கு வர்ற வெளிநாட்டு நோயாளிகள்ல பெரும்பகுதி இந்தோனேசியர்தான். 2025 ஜூன்ல பாலி சனூர்ல அவங்களே சர்வதேச மருத்துவமனை திறந்துட்டாங்க, அது இருக்குற சிறப்புப் பொருளாதார மண்டலத்துல வெளிநாட்டு டாக்டரும் வேலை செய்யலாம். மெடான்காரங்களுக்குப் பாலியைவிடப் பினாங்கு கிட்ட, அதனால இப்போதைக்குத் தூக்கம் வருது.

சென்னை_வாசி:
நன்றி அக்கா. ஜகார்த்தா வேண்டாம், மாலத்தீவைப் பார்க்கலாம் என்று நாளைக்கே மேலாளரிடம் சொல்கிறேன். அவர்களுடைய ஆசந்தா காப்பீடு, பட்டியலில் உள்ள இந்திய மருத்துவமனைகளுக்கும் பணம் கட்டுகிறது. அவர்கள் மொழியான திவேஹி பேசும் ஆள் ஒருவரை முதலில் பிடிக்க வேண்டும்.